தொண்ணூற்று ஒன்று

மில்வாக்கியில் பிப்ரவரி.
வீட்டுவசதி வாரியத்தின் மூன்றாம் மாடியில்
புகார்களை மூடுவது என் வேலை.
திறப்பது வேறொருத்தி, இங்கிரிட்.
இருவருக்கும் நடுவில் ஒரு கடிகாரம் ஓடுகிறது.
அவசரம் என்றால் இருபத்துநாலு மணி நேரம்,
இல்லையென்றால் இருபத்தைந்து நாள்.
எது அவசரம் என்பதைக்
கையேட்டின் பதினோராம் பக்கம் சொல்லும்.

ஒன்பது-சி, வெர்லீன் டப்ஸ்.
வெப்பக்குழாய் செத்துக் கிடக்கிறது என்றாள்.
இருட்டுவதற்குள் கிளியோபஸ் போய்
சின்ன ஹீட்டர் ஒன்றை வைத்துவிட்டு வந்தான்.
"ஆபத்து நீக்கப்பட்டது" என்று தட்டினேன்.
ஏழு மணி நாற்பது நிமிடம்.
நல்ல எண்.
குழாய் அப்படியேதான் கிடந்தது.
மறுநாள் அதற்கு வேறு எண் கொடுத்தோம்.
புது எண்ணுக்குப் புதுக் கடிகாரம்,
பூஜ்ஜியத்திலிருந்து.

ஒரே குழாய்க்கு அந்தக் குளிர்காலத்தில் ஆறு எண்கள்.
ஆறும் கெடுவுக்குள் முடிந்தவை.
சராசரி போட்டுப் பார்த்தால்
ஊரிலேயே வேகமாகச் சரியான குழாய் அதுதான்.
நான் பொய் எழுதவில்லை.
எழுதியதில் ஒரு வரியைக் காட்டி
இது பொய் என்று யாரும் சொல்ல முடியாது.

காலி வீட்டுக்கும் கணக்கு உண்டு.
நாலு-ஏயில் நியா சூ வாங் இறந்தபோது
மகள் பதினாறு நாள் சாவியைத் தரவில்லை.
கதவைச் சாத்திக்கொண்டு உள்ளேயே இருந்தாளாம்,
அவர் கடைசியாகச் சோறு வேகவைத்த பானையைக் கழுவாமல்.
சாவி கைக்கு வந்த பிறகுதான் எங்கள் நாள் தொடங்கும்.
"பாவம், இருக்கட்டும். அவசரப்படுத்தாதே"
என்றார் மேலாளர் ஹார்லன் ஸ்டோக்ஸ்.
அந்தப் பதினாறு நாளில் பெயிண்டர்களை
வேறு மூன்று வீடுகளுக்கு அனுப்பி முடித்தோம்.
அது இரக்கம்தானா,
இன்றுவரை எனக்குத் தெரியவில்லை.

மார்ச்சில் ஆய்வாளர் வந்தார். நரைமீசை, நனைந்த பூட்ஸ்.
கணினி குலுக்கிப் போட்ட இருபத்துமூன்று வீடுகள்.
ஒன்பது-பி உண்டு.
ஒன்பது-சி இல்லை.
ஒன்பது-பியில் சுவிட்சுக்கு மூடி இல்லை: கழித்தார்.
சன்னலை மறித்து அலமாரி: கழித்தார்.
வெளியே வந்தால் நடைவழியில் வெர்லீன்,
வீட்டுக்குள்ளேயே போடும் கம்பளிக் கோட்டோடு.
கையில் மளிகைக்கடை காலண்டர்.
நவம்பர் ஒன்று முதல் ஒவ்வொரு கட்டத்திலும்
காலை ஆறு மணிக்கு அவள் படுக்கையருகே
தெர்மாமீட்டர் காட்டிய ஃபாரன்ஹீட்.
ஐம்பத்தாறு. ஐம்பத்துநாலு. மறுபடி ஐம்பத்தாறு.
ஜனவரி பதினேழில் நாற்பத்தொன்பது.
அதன் அடியில் கோடில்லை, வட்டமில்லை.
அதே நீலப் பேனா, அதே அளவு எழுத்து.

அவர் மாதம் மாதமாகப் புரட்டினார்.
உண்மையாகவே புரட்டினார், நான் பார்த்தேன்.
பிறகு தன் கைக்கணினியைப் பார்த்தார்.
"இதற்கு என்னிடம் கட்டம் இல்லை, அம்மா."
"என்னிடம் முப்பத்தொன்று இருக்கிறது" என்றாள்,
"பிப்ரவரியில் மட்டும் கொஞ்சம் குறைவு."

நூற்றுக்குத் தொண்ணூற்று ஒன்று.
உயர்தரச் செயல்பாடு என்று கடிதம் வந்தது.
ஹார்லன் கேக் வாங்கினார்.
எலுமிச்சை. இங்கிரிட் எனக்கு ஓரத்துண்டு கொடுத்தாள்.

அன்று மாலை ஏழாவது எண் என் திரைக்கு வந்தது.
ஒன்பது-சி, வெப்பக்குழாய்.
ஹீட்டர் வைத்தாயிற்று, மூடலாம்.
வெர்லீன் பிரதி எடுத்துக் கொடுத்த காலண்டரை
விசைப்பலகையருகே நிமிர்த்தி வைத்துக்கொண்டு
குறிப்புப் பெட்டியில் ஒவ்வொரு நாளாகத் தட்டினேன்,
எண், இடைவெளி, எண், இடைவெளி.
அறுபது எழுத்துதான் பிடிக்கும்.
நவம்பர் இருபதோடு
நிரம்பிவிட்டது.